ரிப்பேர் ஆகாத வண்டி

அந்தக் காரின் கம்பெனிப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எல்லாரும் பெயரைப் பிடித்துக்கொள்வார்கள், என்னை விட்டுவிடுவார்கள். செஞ்சியில் மூன்று வருஷம் அதுதான் நடந்தது. வெள்ளைக்காரன் நாட்டில் செய்தது, ராஜாக்களும் ஜமீன்தார்களும் வைத்திருந்தது என்றால் போதும், மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். அறுபதுகளின் நடுவில் நான் அதற்கு டிரைவராக இருந்தேன்.

அதற்கு முன்னால் லாரி ஓட்டினேன். இவன் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று அம்மா சொல்வாள். சாப்பிட உட்கார்ந்தால்கூட ஒரு முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு டீயை முழுசாகக் குடித்து முடிப்பதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விட வேண்டும் எனக்கு. அப்படிப்பட்டவனைப் பிடித்துக் கல்யாண ஊர்வலத்தில், மேளக்காரன் நடக்கிற வேகத்தில் கார் ஓட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? உடம்பெல்லாம் எறும்பு ஊறும். ஆனாலும் ஓட்டினேன். வெள்ளை யூனிபாரம், தொப்பி, போகிற ஊரில் எல்லாம் முதல் பந்தியில் சாப்பாடு. மரியாதைக்கு ஆசைப்பட்டுத்தான் போனேன், பொய் சொல்வானேன்.

முதலாளி மேல்சித்தாமூர் பக்கத்துச் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவர். செஞ்சியில் மணிலா மண்டி வைத்திருந்தார். சுற்று வட்டாரத்து நிலக்கடலை எல்லாம் அவர் தராசில் ஏறித்தான் இறங்கும். பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டார். பொய்யும் அந்த வாயிலிருந்து வராது என்று ஊரே சொல்லும். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு பைத்தியம், இந்தக் கார்.

வண்டியோடு தோல் அட்டை போட்ட இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வந்திருந்தது. மத்தியானம் மண்டியில் ஆள் இல்லாதபோது அதை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குப் படித்துச் சொல்வார். கம்பெனி எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் மட்டும்தான் செய்து கொடுக்குமாம். மேல்கூட்டை வாங்குகிறவர் தன் உயரத்துக்கும் தொந்திக்கும் தகுந்தாற்போல வேறு பட்டறையில் அளவு கொடுத்துச் செய்துகொள்ள வேண்டுமாம், தையற்காரனிடம் சட்டைக்குக் கொடுப்பதுபோல. டிரைவர்களுக்கென்று தனிப் பள்ளிக்கூடமே வைத்திருந்ததாம் கம்பெனி. கதவை எப்படித் திறப்பது, எந்தக் கையால் மூடுவது என்பதெல்லாம் அங்கே பாடம். முதலாளி அதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு யூனிபாரம் தைக்க ஆர்டர் கொடுத்தார்.

எங்கள் வண்டிக்கு அளவு கொடுத்தவர் வடக்கே ஒரு ஜமீன்தார். கப்பலில் வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய வண்டி. ஜமீன் ஒழிந்ததும் பத்து வருஷம் கொட்டகையில் கிடந்தது. பின் சீட்டில் கோழிகள் அடைகாத்தன. ஏலத்துக்கு வந்தபோது முதலாளி எடுத்துக்கொண்டு வந்து, பெயிண்ட் அடித்து, கல்யாணங்களுக்கு விட ஆரம்பித்தார்.

அந்தக் கம்பெனியைப் பற்றி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேசாத ஆள் கிடையாது. பானெட் மேல் ஒரு ரூபாய்க் காசைச் செங்குத்தாக நிற்க வைத்து எஞ்சினை ஓட விட்டாலும் காசு விழாதாம். இன்னொரு கதை இன்னும் பெரிசு. யாரோ ஒரு ராஜா பாலைவனத்தில் போகும்போது அச்சு முறிந்துவிட்டதாம். தந்தி அடித்ததும் கம்பெனிக்காரன் ஏரோப்ளேனில் வந்து இறங்கி வேறு அச்சு மாட்டிவிட்டுப் போனானாம். பில் வரவில்லையே என்று ராஜா கடிதம் எழுதினால், 'எங்கள் வண்டிக்கு அச்சு முறியாதே, நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?' என்று பதில் வந்ததாம். முதலாளிக்கு உயிரான கதை இது. யார் சொன்னாலும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்பார்.

எங்கள் வண்டியோ நின்றது. குற்றம் கம்பெனியுடையது இல்லை, கோழிகளுடையதும் இல்லை. முப்பது வயசான பெட்ரோல் டேங்க், அடியெல்லாம் துரு. ஓடுகிற ஓட்டத்தில் துரு கிளம்பிக் குழாயை அடைத்துக்கொள்ளும். எஞ்சின் ரெண்டு தரம் இருமும். இருமிய பிறகு ஒரு பர்லாங்கு ஓடும், அவ்வளவுதான். குழாயைக் கழற்றி வாயால் ஊதினால் கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். ஆனால் ஊர் பார்க்க பானெட்டைத் திறக்கக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. "டேங்க மாத்திடலாம் மொதலாளி" என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். கம்பெனி போட்டு அனுப்பிய டேங்கை நாம் கழற்றி எறிவதா என்பார்.

அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். இருமல் கேட்டதும் அந்த ஒரு பர்லாங்குக்குள் கண்ணில் ஒரு சாமியைப் பிடித்துவிட வேண்டும். நம் பக்கத்தில் சாமிக்கா பஞ்சம்? மஞ்சள் துணி கட்டின வேப்பமரம், ஒரு புற்று, ஒரு சூலம், ஏதாவது ஒன்று இருக்கும். அதன் முன்னால் போய்ப் பாந்தமாக நிறுத்துவேன். டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் எப்போதும் ஆறு தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம் இருக்கும். "எறங்கிக் கும்புட்டுட்டு வாங்க, வண்டி ஒரு நிமிசம் நிக்கணும்" என்பேன். அவர்கள் தேங்காய் உடைத்துச் சுற்றி வருவதற்குள் நான் மறுபக்கம் மறைவாக உட்கார்ந்து, பானெட்டை ஒரு கை அளவு மட்டும் தூக்கிக் குழாயை ஊதிவிடுவேன். எத்தனை நாள் வாயெல்லாம் பெட்ரோலோடு திருநீறு வாங்கிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா.

ஆறே மாதத்தில் ஊர் வேறு மாதிரி பேச ஆரம்பித்துவிட்டது. சாமி இருக்கிற இடம் தெரிந்து தானாக நிற்கிற கார் என்றார்கள். மேல்மலையனூர் ரோட்டில் ஒரே புளியமரத்தடியில் ரெண்டு தரம் நிற்க நேர்ந்தது. அடுத்த அமாவாசைக்கு அந்த வழியாகப் போனால், அங்கே ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். என் வண்டி நின்றதால் வந்த சாமி. நானும் இறங்கிக் கும்பிட்டேன், வேறென்ன செய்ய.

முதலாளியிடமே சிலர் கேட்பார்கள், வண்டி ஏதாவது மக்கர் பண்ணுமா என்று. "டிரைவரக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு மண்டிக்குள் போய்விடுவார். தன் வாயைச் சுத்தமாக வைத்துக்கொண்டு என் வாயை வாடகைக்கு எடுத்திருந்தார். அந்தக் கோபம் எனக்கு உள்ளே இருந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் எனக்கும் அந்தப் புளுகில் ஒரு ருசி வந்துவிட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு தடவை மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும்போது, கோயிலும் இல்லாத மரமும் இல்லாத ஒரு தெருவில் வண்டி நின்றுவிட்டது. எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "வண்டி சும்மா நிக்காது. இங்க இன்னாமோ சரியில்ல." சொல்லி வாயை மூடவில்லை, கூட்டத்தில் ஒரு கிழவர், இந்த மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே வேறு ஊரில் பெண்டாட்டி இருக்கிறாள் என்று போட்டு உடைத்தார். நிஜமாகவே இருந்தாள். கல்யாணம் நின்றது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் அதை நான் ஊர் ஊராக உப்புப் புளி போட்டுச் சொன்னேன். அவலூர்பேட்டைச் சந்தையில், டீக்கடையில், எங்கே ரெண்டு பேர் நின்றாலும் சொன்னேன்.

இந்த நிலையில்தான் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அவலூர்பேட்டையில் தானிய வியாபாரம். அவர்கள் நகை அதிகம் கேட்கவில்லை, பாத்திரம் அதிகம் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒன்றே ஒன்று கேட்டார், அழைப்புக்கு அந்தக் கார் வர வேண்டும். முதலாளி வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என்னைப் பெற்ற நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று பெண்களைக் கரையேற்றிக் களைத்த மனிதர், இவள் கடைசி.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளையார் கோயிலில் இருந்து மாப்பிள்ளை அழைப்பு புறப்பட்டது. பின் சீட்டில் மாலையோடு மாப்பிள்ளை, பக்கத்தில் தாய்மாமன். முன்னால் நாதஸ்வரமும் தவிலும். எங்கள் தெரு திரும்பியதும் எஞ்சின் இருமியது.  தெருக்கோடியில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, எங்கள் வீட்டைத் தாண்டி. அதுவரை போய்விட்டால் தப்பித்தேன். ஆனால் நாதஸ்வரக்காரர் அங்கேதானா நின்றுகொண்டு ஒரு ராகத்தை இழுக்க வேண்டும்? ஹாரன் அடித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் உருக்கமாக வாசித்தார். என் கால் ஆக்ஸிலேட்டரில் துடிக்கிறது, முன்னால் போக ஒரு முழம் இடமில்லை. எங்கள் வீட்டுக்கு ஐந்து வீடு முன்னால் வண்டி நின்றது.

பழக்க தோஷம், இறங்கி டிக்கியைத் திறந்து தேங்காயை எடுத்துவிட்டேன்.

"ஏம்பா, இங்க இன்னா சாமி இருக்குது?" என்றார் தாய்மாமன்.

திரும்பிப் பார்த்தேன். வரட்டி தட்டின சுவர் ஒன்றுதான் இருந்தது.

"நின்னுச்சா, தானா நின்னுச்சா?" என்றார்.  அவர் இறங்கினார். மேளம் நின்றது. "நீதானேபா எங்க ஊரு சந்தையில நின்னு சொன்ன? காரணம் இல்லாம நிக்காதுன்னு. அந்த ரெண்டாந்தாரத்துக்காரன் கதைய உன் வாயாலதான் கேட்டேன். இப்ப இங்க எதுக்கு நின்னுது?"

 யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து மெதுவாக, "பொண்ணுக்கு இன்னாவோ" என்றாள். அந்த ரெண்டு சொல் தெருவில் எங்கள் வீட்டை நோக்கிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு வாசலாகத் தலைகள் திரும்பின. எங்கள் வீட்டு ஜன்னலில் என் தங்கை அலங்காரத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஊர் பார்க்க பானெட்டைத் தூக்கினேன். குழாயைக் கழற்றினேன். ஊதி, உள்ளங்கையில் விழுந்த துருவை அவர் முன்னால் நீட்டினேன். "இதான் மாமா காரணம். டேங்கு துரு. இது எப்பவும் நிக்கிற வண்டி. நான் சொன்னதெல்லாம் புளுகு. தேங்கா, கற்பூரம், எல்லாம் இத மறைக்கத்தான். அந்தக் கல்யாணம் நின்னது தானா நடந்துது, வண்டிக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. "நீ பொண்ணோட அண்ணன். வேற இன்னா சொல்லுவ? அந்தக் கம்பெனி வண்டி ரிப்பேர் ஆவாதுன்னு ஒலகத்துக்கே தெரியும்."

குழாயை மாட்டி ஸ்டார்ட் செய்தேன். ஒரே சுழற்றலில் பூனை மாதிரி ஓடியது. "பாத்தீங்களா" என்றேன். "இப்ப ஓடுறது பெருசில்ல, எதுக்கு நின்னுது, அதச் சொல்லு" என்றார். நைனா தோளில் துண்டு நழுவ ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அந்தத் தேங்காயை என் மண்டையிலேயே உடைத்துக்கொள்ளலாம்போல இருந்தது. மாப்பிள்ளை உள்ளேயே குனிந்து உட்கார்ந்திருந்தான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை.

"உங்க மொதலாளி சொல்லட்டும்" என்றார் தாய்மாமன். "அந்த மனுஷன் வாயில பொய் வராது. அவரு சொன்னா ஒத்துக்குறேன். இல்லன்னா வண்டியத் திருப்பு."

வண்டியைத் தொட எனக்கு மனசில்லை. ஓடினேன். பஜாரில் எல்லாரும் நின்று பார்க்க, யூனிபாரத்தோடு ஓடினேன். ராஜகிரிக் கோட்டை மலை மேல் வெயில் ஒரு விரல் அகலம்தான் மிச்சமிருந்தது. முதலாளி வீட்டில் இலையில் உட்கார்ந்திருந்தார். ரெண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பார். எழுந்தால் இனி விடிந்து சூரியன் ஏறின பிறகுதான் சாப்பாடு, எனக்குத் தெரியும். மூச்சு வாங்க நின்றபடி நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இலையைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவினார்.

வழியில் ஒன்றே ஒன்று கேட்டார். "எத்தினி தரம் நின்னிருக்கும்பா?"

"பதினேழு மொதலாளி."

"எனக்குப் பதினொண்ணுதான் தெரியும்" என்றார்.  அவர் நடை எப்போதும் மெதுவு. நான் முன்னால் பத்தடி ஓடுவதும் திரும்பி வந்து அவரோடு சேர்ந்துகொள்வதுமாக இருந்தேன்.

கூட்டம் விலகி வழிவிட்டது. முதலாளி வண்டியின் மட்காட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். "நிக்கிற வண்டிதான்" என்றார். "பதினேழு தரம் நின்னிருக்குது. டேங்கு துரு. மாத்தச் சொல்லி டிரைவரு கேட்டான், நான்தான் மாத்தல. பொண்ணுமேல ஒரு கொறையும் இல்ல." அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

தாய்மாமன் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க சொன்னாப் போதும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். தவில்காரர் தட்டினார். ஊர்வலம் நகர்ந்தது. உயிர் திரும்பி வந்தது எனக்கு. கூடவே எரிச்சலும் வந்தது. நான் உள்ளங்கையில் துருவை வைத்துக்கொண்டு சொன்னதைத்தானே அவரும் சொன்னார்? நைனாகூட என்னைப் பார்க்காமல் முதலாளியின் கையைத்தான் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

காருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் கெட்டது என்றுதான் நானும் முதலாளியும் நினைத்தோம். ஒரு மாதம் கழித்து டீக்கடையில் கேட்டேன்: "ஏழைப் பொண்ணு கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு அந்த மனுஷன் வாழ்க்கையில மொத தடவையா பொய் சொன்னாரு பாரு. அந்த வண்டியாவது ரிப்பேராவது." வாடகைக்குக் கேட்டு ஆட்கள் முன்னைவிட அதிகம் வந்தார்கள். அந்தக் கம்பெனியின் பெயரை அந்தக் கம்பெனியே வந்தாலும் கெடுக்க முடியாது. முதலாளி அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு ரெண்டு நாள் மண்டிக்கு வரவில்லை.

அது பிற்பாடு. கல்யாணத்தன்று காலையில் ஏழரைக்குள் முகூர்த்தம். பந்தல் நிறைந்துவிட்டது. விடிந்ததில் இருந்து நான் வாசலுக்கும் சமையல் கொட்டகைக்கும் நடந்துகொண்டிருந்தேன், நிற்க முடியவில்லை. தங்கை கூப்பிடுகிறாள் என்று சொன்னார்கள். உள் அறைக்குப் போனேன். கூரைப்புடவையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். மற்ற பெண்களை வெளியே போகச் சொன்னாள்.

"ண்ணா, நேத்து நீ தெருவுல சொன்னத ஜன்னல்ல இருந்து கேட்டேன்" என்றாள். "மூணு வருசமா ஊருக்கெல்லாம் புளுவுனேன்னு சொன்னியே."

"ஆமா."

"அவலூர்பேட்டைக்குப் போயி அவரப் பத்தி விசாரிச்சுட்டு வந்தியே. நல்ல பையன், குடி கெடையாது, சீட்டு கெடையாது, கை நீட்ட மாட்டான்னு சொன்னியே. அது?"

"அது நெசம்மா."

  விசாரித்தது நிஜம்தான். ஆனால் எப்படி விசாரித்தேன் என்று எனக்கல்லவா தெரியும். சந்தையில் ரெண்டு பேரைக் கேட்டேன். நல்ல பையன் என்றார்கள். மூன்றாவது ஆளைக் கேட்கக் கால் தரிக்கவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். குடி, சீட்டு, கை நீட்டுவது எல்லாம் வரும் வழியில் நானாகச் சேர்த்தது. அவள் சந்தோஷப்படட்டும் என்று சேர்த்தது.

"மொதலாளி அந்தச் சந்தையில மணிலாக்கொட்ட வாங்குறவருதானே? அவருக்கு அந்தக் குடும்பம் தெரியும்" என்றாள். "அவர ஒரு வார்த்த கேட்டுக்கினு வா."

வாசலில் மேளம் ஆரம்பித்துவிட்டது. முதலாளி அப்போதுதான் வந்து பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் காதருகே குனிந்து கேட்டேன்.  "அவன் அப்பன் முன்கோபக்காரன். பையன் அப்பிடி இல்ல. பத்து வருசமாப் பாக்குறேன், தராசுல கை வெச்சதில்ல, குடிச்சுட்டு வந்து நின்னதில்ல. தெகிரியமாக் குடுக்கலாம்" என்றார். என் நெஞ்சிலிருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது. ஓடிப் போய் அதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அவளிடம் சொன்னேன்.

அவள் முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "இது அவரு சொன்னதா, நீ சொல்றதா?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.  ஐயர் முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பந்தலுக்குப் போய், முதலாளியைக் கையைப் பிடித்து எழுப்பி அழைத்துக்கொண்டு வந்து அந்த அறை வாசலில் நிறுத்தினேன். அவர் சொன்னதையே மறுபடியும் சொன்னார். "சரிங்க" என்று சொல்லித் தங்கை எழுந்துகொண்டாள். நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றேன்.